திரையில் முதல் வரி

விண்டோஸ் 98 காலத்துக் கணினிகளில், பலர் பார்க்கத் தவறிய ஒரு வரி உண்டு. பொத்தானை அழுத்தியதும், கணினி தன் பெயரைச் சொல்வதற்கும் முன்னால், கறுப்புத் திரையின் இடது மேல்மூலையில் கிராபிக்ஸ் கார்டு தன் பெயரையும் தன்னிடம் எத்தனை மெகாபைட் நினைவகம் இருக்கிறது என்பதையும் எழுதிக் காட்டும். ஒரு நொடி, மிஞ்சிப்போனால் இரண்டு. அந்தக் காலத்துக் கனத்த மானிட்டர்கள் சூடேறிப் படம் தெரிவதற்குள் வரி அழிந்துவிடும். மானிட்டரை முதலில் போட்டுவிட்டு, கொஞ்சம் பொறுத்து சிபியூவை ஆன் செய்தால்தான் முழுதாகப் படிக்க முடியும். பிள்ளையார்பாளையத்தில் ஒரு சேலை டிசைன் சென்டரில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைச் சொல்லிக்கொடுத்தவர் அங்கே சர்வீஸுக்கு வரும் அண்ணன். "அந்த வரி வந்துடுச்சுன்னா கார்டு எழுந்துடுச்சுன்னு அர்த்தம்மா. அதுக்கப்புறம் வர்ற கோளாறெல்லாம் வேற கணக்கு" என்பார்.

நான் வளர்ந்தது திருப்பருத்திக்குன்றத்தில். காஞ்சிபுரத்தை ஒட்டி, வேகவதிக் கரையில் இருக்கும் ஊர். வெளியூர்க்காரர்கள் ஜைன காஞ்சி என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். அங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபம், விஜயநகர மன்னர் இரண்டாம் ஹரிஹரரின் அமைச்சர் இருகப்பர் 1387-இல் கட்டியது. அதன் மேற்கூரை முழுக்கத் தீர்த்தங்கரர்களின் வரலாறு வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டிருக்கிறது. பள்ளிக்கூட நாட்களில் கழுத்து வலிக்க அண்ணாந்து நின்று, அந்த ஓவியங்களில் இருக்கும் பெண்களின் உடையில் தெரியும் கரைகளையும் பூக்களையும் நோட்டில் வரைந்து வைத்திருந்தேன். அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துத்தான் டிசைன் மாஸ்டர் என்னைச் சேர்த்துக்கொண்டார். வீட்டில் குழித்தறி. அப்பா நெய்வார், அம்மா தார் சுற்றுவார். கணினி முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் எங்கள் வீட்டில் நான்தான்.

டிசைன் சென்டரில் நடந்தது இதுதான். மாஸ்டர் கிராஃப் தாளில் வரைவார். நாங்கள் அதை ஸ்கேன் செய்து கட்டம் கட்டமாகத் திருத்துவோம். ஒவ்வொரு கட்டமும் தறியில் ஒரு முடிவு: கொக்கி அந்த இழையைத் தூக்க வேண்டுமா, வேண்டாமா. 240 கொக்கி ஜக்கார்டு பெட்டி என்றால் குறுக்கே 240 கட்டம். ஒரு வரிசைக்கு ஓர் அட்டை, ஓர் அட்டைக்கு ஓர் ஊடை. திரையில் ஒரு கட்டம் தப்பினால் சேலை முழுக்க அந்த இடத்தில் அன்னத்தின் அலகு உடைந்திருக்கும். அதனால் திரை எங்களுக்கு முக்கியம். மங்கலாகவோ கோணலாகவோ தெரிந்தால் வேலை நின்றுவிடும்.

ஒருநாள் ஒரு மெஷினில் திரையே வரவில்லை. பெட்டிக்குள்ளிருந்து ஒரு நீண்ட பீப், தொடர்ந்து இரண்டு குட்டை பீப். கார்டுக்குப் புது ஃபெர்ம்வேர், அதாவது கார்டு தனக்குள்ளேயே வைத்திருக்கும் நிரல், ஏற்றிக்கொண்டிருந்தபோது பாதியில் கரண்ட் போயிருக்கிறது, யூபிஎஸ்ஸும் தாங்கவில்லை. மாஸ்டர் வந்து பார்த்தார். "என்னம்மா, செத்துப்போச்சா?" என்றார். கார்டைக் குப்பையில் போடுவதைத் தவிர வழியில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

சர்வீஸ் அண்ணன் அப்படி நினைக்கவில்லை. பழைய பிசிஐ கார்டு ஒன்றைப் பையிலிருந்து எடுத்து இன்னொரு ஸ்லாட்டில் செருகினார். அதன் வழியாகத் திரை வந்தது. ஃப்ளாப்பியிலிருந்து டாஸை ஏற்றி, டீபக் என்ற சிறிய நிரலைத் திறந்து, சி000 என்ற முகவரியில் என்ன இருக்கிறது என்று காட்டச் சொன்னார். எண்களும் எழுத்துகளுமாக வரிகள் ஓடின. முதல் இரண்டு பைட்டைத் தொட்டுக் காட்டினார்: 55, ஏஏ. "இதான் கார்டோட வாசப்படி. மதர்போர்டு எழுந்ததும் இந்த இடத்துல இந்த ரெண்டையும் தேடும். இருந்தா உள்ளே போவும். இல்லேன்னா கார்டே இல்லேன்னு நினைச்சுக்கும்." மூன்றாவது பைட் அந்த நிரலின் நீளம், 512 பைட் கணக்கில். நான்காவது பைட்டிலிருந்து கார்டின் சொந்த நிரல் தொடங்குகிறது. எல்லா பைட்டையும் கூட்டினால் கடைசி எட்டு பிட் பூஜ்யமாக வர வேண்டும். இல்லையென்றால் மதர்போர்டு அதை நம்பாது. கொஞ்சம் தள்ளி, வலது பக்கத்து எழுத்துகளில், ஐபிஎம் என்ற மூன்றெழுத்து இருந்தது. கார்டு ஐபிஎம் செய்ததில்லை. ஐபிஎம்மின் விஜிஏ 1987-இல் வந்தபோது அதற்கென்று எழுதப்பட்ட நிரல்கள் அந்தப் பெயரைத் தேடிப் பார்த்ததால், மற்ற கம்பெனிகளும் அதே இடத்தில் அதையே எழுதிவைத்தன.

அது உயிருள்ள கார்டின் வாசல். செத்த கார்டில் சரியான நிரலை மறுபடி எழுதி முடிக்க அரை மணி நேரமும் ஆகவில்லை. பிசிஐ கார்டைக் கழற்றிவிட்டு ஆன் செய்தபோது இடது மேல்மூலையில் வரி வந்தது. வேலையை முடித்துக்கொண்டு அண்ணன் அடுத்த கடைக்குப் போய்விட்டார். எனக்கு மட்டும் அது முடியவில்லை. விண்டோஸும் இல்லை, விண்டோஸுக்குள்ளிருந்து கார்டை இயக்கும் டிரைவரும் இல்லை. அப்படியிருக்க திரையில் எழுத்து எப்படி வந்தது? யார் எழுதினார்கள்? அந்தக் கேள்விதான் என்னைப் பகுதிநேரமாகப் பாலிடெக்னிக் படிக்கவும், பிறகு சென்னையில் போர்டு செய்யும் ஒரு சிறிய கம்பெனியில் சேரவும் வைத்தது. காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு வழியாகப் போகும் ரயிலில் உட்கார்ந்து நான் படித்ததில் பாதிக்குமேல் இந்த விஷயம்தான்.

விடையைச் சொல்கிறேன். கரண்ட் பாய்ந்த கணத்தில் கிராபிக்ஸ் சிப் எதையும் அறியாத நிலையில் இருக்கிறது. தன் நினைவகம் எது என்று அதற்குத் தெரியாது. எந்த வேகத்தில் ஓட வேண்டும், எந்தப் பின்னில் மானிட்டர் மாட்டியிருக்கிறது, விசிறியை எப்படிச் சுழற்ற வேண்டும், எதுவும் தெரியாது. பல கார்டுகளில் ஆன் செய்ததும் விசிறி ஒரு நொடி பேரிரைச்சலோடு சுழன்று பிறகு அடங்குவதைக் கேட்டிருப்பீர்கள். அது அடங்குவதே ஃபெர்ம்வேர் பொறுப்பேற்றதன் அடையாளம். போர்டில் எட்டுக் கால்கள் கொண்ட ஒரு சின்னஞ்சிறிய சிப் இருக்கும். அதைத்தான் ரோம் என்பார்கள். ஃபெர்ம்வேர் அதில்தான் குடியிருக்கிறது. கடிகாரத் துடிப்புகளை எந்த வேகத்துக்கு உயர்த்துவது, மின்னழுத்தத்தை எவ்வளவு வைப்பது என்று அது படிப்படியாகச் சிப்பின் பதிவகங்களில் எழுதிக்கொண்டே போகும். சில கட்டளைகளுக்கு நடுவே இத்தனை மைக்ரோநொடி காத்திரு என்றும் இருக்கும். அந்தக் காத்திருப்பைக் குறைத்தால் கார்டு சில நாள் எழும், சில நாள் எழாது.

இதில் மிகக் கடினமான இடம் நினைவகம். ஒரே மாடல் கார்டு, ஒரே சிப், வெளியிலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் ஒன்றில் சாம்சங் நினைவகம், மற்றதில் ஹைனிக்ஸ். இரண்டுக்கும் நேரக் கணக்கு வேறு. அதனால் ஃபெர்ம்வேரில் இரண்டுக்குமான அட்டவணை இருக்கும். எதை எடுப்பது என்பதைப் போர்டில் வைத்திருக்கும் சில பொடி ரெசிஸ்டர்கள் சொல்லும். ஒரு கார்டின் ஃபெர்ம்வேரை இன்னொன்றில் ஏற்றி, திரையெங்கும் வண்ணப் புள்ளிகள் பொங்கி வழிவதைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் இந்த அட்டவணையில்தான் மாட்டியிருப்பார்கள். நினைவகம் தயாரானதும் ஃபெர்ம்வேர் மானிட்டரைக் கேட்கிறது: நீ யார், உனக்கு எந்தெந்த அளவு ஒத்துவரும்? மானிட்டர் 128 பைட்டில் தன்னைப் பற்றிச் சொல்லும். அதற்கேற்ப ஒரு வாயிலைத் திறந்து, எழுத்துருவை நினைவகத்தில் இறக்கி, கறுப்புத் திரையில் அந்த முதல் வரியை எழுதுகிறது. இத்தனையும் முடிந்து, பிறகு விண்டோஸோ லினக்ஸோ ஏறி, கடைசியாகத்தான் டிரைவர் வருகிறது.

வீட்டில் தறியில் ஒரு பாவு முடிந்தால் அதை முழுதாக வெட்டி எடுத்துவிட மாட்டார்கள். அச்சிலும் விழுதிலும் கோத்த பழைய இழைகளின் நுனிகளைக் கொஞ்சம் விட்டுவைப்பார்கள். புதுப் பாவு வந்ததும் அம்மா தறிக்குள் இறங்கி உட்கார்ந்து, விரலில் சாம்பல் தொட்டு, பழைய நுனியோடு புது இழையை ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்குவார். ஆயிரக்கணக்கான இழை. டிரைவர் செய்வதும் இந்தப் பிணைச்சல்தான். ஃபெர்ம்வேர் கோத்து விட்டுப்போன நுனிகளைப் பிடித்துக்கொண்டுதான் அது தன் வேலையைத் தொடங்குகிறது. அந்த நுனிகள் இல்லாவிட்டால் எத்தனை பெரிய டிரைவரும் வெறும் சிப்பின் முன்னால் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

லினக்ஸ்காரர்களுக்கு இது மடிக்கணினியைத் தூங்கவைத்து எழுப்பும்போது விளங்கியது. தூக்கத்தில் கார்டுக்குக் கரண்ட் போய்விடும். எழும்போது மதர்போர்டு பல நேரம் கார்டின் ஃபெர்ம்வேரை மறுபடி கூப்பிடாது. கணினி ஓடும், விசைப்பலகை வேலை செய்யும், திரை மட்டும் இருட்டு. 2000களில் இதற்காகவே விபிஇடூல் என்ற கருவியை வைத்து, கார்டின் ஃபெர்ம்வேரைக் கையால் மறுபடி ஓட்டவைத்தார்கள். கிராபிக்ஸ் சிப் செய்யும் ஏடிஐ கம்பெனி இதற்கு அழகான ஒரு வழி வைத்திருந்தது. கார்டின் தொடக்க வேலையை ஏடம்பயாஸ் என்ற பெயரில் ஒரு சிறிய தனி மொழியில் கட்டளை அட்டவணையாக எழுதி, ரோமிலேயே வைத்தார்கள். டிரைவருக்குள் அந்த மொழியை வாசிக்கத் தெரிந்த ஒரு பகுதி இருந்தால் போதும், தூங்கி எழுந்த கார்டை அதே அட்டவணையைக் கொண்டு டிரைவரே எழுப்பிவிடலாம். போர்டு செய்தவர்களின் அறிவு போர்டிலேயே, படிக்கக்கூடிய வடிவில் இருக்கிறது. எனக்கு இது மிகவும் பிடித்த ஏற்பாடு. என்விடியா கார்டுகளின் ரோமிலும் இப்படி ஒரு தொடக்க ஸ்கிரிப்ட் உண்டு. அதை யாரும் விளக்கித் தராத நிலையில், நூவோ என்ற திறந்த டிரைவரை எழுதியவர்கள் பதிவகங்களை ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்துப் பொருள் கண்டுபிடித்தார்கள். 2010 தொடக்கத்தில் வந்த லினக்ஸ் 2.6.33-இல் நூவோ இடம்பெற்றபோது எங்கள் அலுவலகத்தில் நாங்கள் இனிப்பு வாங்கிச் சாப்பிட்டோம். முகம் தெரியாதவர்களின் பொறுமைக்குச் செய்த மரியாதை அது.

அதற்குப் பிறகு வந்த மாற்றம் எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. 2014 வாக்கில் வந்த என்விடியாவின் இரண்டாம் தலைமுறை மேக்ஸ்வெல் சிப்களிலிருந்து, கார்டுக்குள் இருக்கும் சிறு கட்டுப்பாட்டுச் செயலிகள் கம்பெனியின் டிஜிட்டல் கையொப்பம் இட்ட ஃபெர்ம்வேரை மட்டுமே முக்கிய இடங்களுக்குள் விட்டன. பாதுகாப்புக்கு அது தேவை என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. முதலில் ஓடும் நிரலில் எவனோ கைவைத்துவிட்டால் மேலே எத்தனை பூட்டு போட்டும் பயனில்லை. ஆனால் மின்னழுத்தத்தையும் வேகத்தையும் ஆளும் கையொப்பமிட்ட ஃபெர்ம்வேரை மற்றவர்களுக்குத் தரவில்லை. விளைவு, நூவோவில் அந்தக் கார்டுகள் எழும், படம் காட்டும், தொடக்கத்தில் வைத்த மெதுவான வேகத்திலேயே நகரும். காசு கொடுத்து வாங்கியவர் கையில் கார்டு இருந்தும் அதன் முழு வேகம் அவர் கையில் இல்லை. பழைய கார்டுகளை வாங்கி ஓட்டும் எங்கள் ஊர் டிசைன் சென்டர்களைப் போன்ற இடங்களுக்குத்தான் இது உறைக்கும்.

2018-இல் வந்த டூரிங் தலைமுறையில் படம் மறுபடி மாறியது. டிரைவர் செய்துகொண்டிருந்த வேலையில் பெரும்பகுதியைக் கார்டுக்குள்ளேயே இருக்கும் ஜிஎஸ்பி என்ற செயலிக்கு மாற்றத் தொடங்கினார்கள். டிரைவர் ஏறும்போது கார்டின் உள் ஃபெர்ம்வேர் தன் தொடக்க வேலையை முடித்துவிட்டதா என்று ஒரு பதிவகத்தைப் பார்த்துக் காத்திருக்கிறது. முடிந்தது என்று அடையாளம் வந்தபின்தான் அடுத்த அடி. 2022 மே மாதத்தில் தன் லினக்ஸ் டிரைவரின் கர்னல் பகுதி மூலநிரலை என்விடியா திறந்துவிட்டது. 2024 ஜனவரியில் வந்த லினக்ஸ் 6.7-இலிருந்து நூவோவும் அந்த ஜிஎஸ்பி ஃபெர்ம்வேரைப் பயன்படுத்தி முழு வேகம் காண முடிந்தது. ஃபெர்ம்வேர் மட்டும் இன்னும் மூடிய பெட்டிதான். அந்த ஜிஎஸ்பி, ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டமைப்பில் ஓடுகிறது. அதே கட்டமைப்பில்தான் சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடியின் குழு சக்தி செயலிகளை உருவாக்கியது. 2018-இல் ஒரு சக்தி சிப் அமெரிக்காவின் ஆரிகனில் இன்டெல் ஆலையில் வார்க்கப்பட்டது. இன்னொன்று சண்டிகரில் நம் நாட்டு ஆலையிலேயே 180 நானோமீட்டரில் வந்தது. முதல் கட்டளையிலிருந்து கடைசிக் கட்டளை வரை திறந்து படிக்கக்கூடிய ஒரு கணினி நம்மாலும் ஆகும் என்று நான் நம்பத் தொடங்கியது அந்தச் செய்திகளைப் படித்தபோதுதான்.

ராஸ்பெரி பையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2012-இல் வந்த அந்தக் கையகல போர்டில் வரிசையே தலைகீழ். கரண்ட் கொடுத்ததும் முதலில் எழுவது வீடியோகோர் என்ற கிராபிக்ஸ் பகுதி. அதுதான் மெமரி கார்டிலிருந்து தன் ஃபெர்ம்வேரைப் படித்து, நினைவகத்தைத் தயார்செய்து, கடைசியில் ஆர்ம் செயலியைத் தட்டி எழுப்புகிறது. லினக்ஸ் வருவதற்கு முன் திரையில் வானவில் நிறங்களில் ஒரு சதுரம் வந்து போகுமே, அது கிராபிக்ஸ் பகுதி தான் எழுந்துவிட்டதாகச் சொல்வது. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நான் பாடத்தை இந்த வானவில்லிலிருந்துதான் தொடங்குவது. கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

அந்த முதல் வரியின் எழுத்துருவைப் பற்றி எனக்கு நெடுநாள் ஒரு குறை இருந்தது. விஜிஏ ரோமில் 256 எழுத்து வடிவங்கள், ஒவ்வொன்றும் 16 வரி உயரம், ஆக 4096 பைட். அதில் ஆங்கிலம் உண்டு, ஐரோப்பிய மொழிகளின் புள்ளி வைத்த எழுத்துகள் உண்டு, கட்டம் போடும் கோடுகள்கூட உண்டு. தமிழ் இல்லை. இந்திய மொழிகளைத் திரையில் கொண்டுவர ஐஐடி கான்பூரில் தொடங்கி, பிறகு சி-டாக் வளர்த்த ஜிஸ்ட் கார்டு, கணினிக்குள் தனியாகச் செருகும் ஒரு போர்டாகவே இருந்தது. தமிழில் 1980களில் கனடாவிலிருந்து சீனிவாசனின் ஆதமியும், மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறனின் முரசும் மென்பொருளாலேயே அந்தச் சுவரைத் தாண்டின. ஆனால் இவையெல்லாம் கணினி எழுந்த பிறகு நடப்பவை. எழும்போது வரும் எழுத்து எப்போதும் ஆங்கிலம்தான்.

மதர்போர்டின் பழைய தொடக்க நிரலுக்குப் பதிலாக யூஇஎஃப்ஐ வந்ததும் அந்தக் கட்டாயம் போனது. இப்போதைய கார்டின் ரோமிலும் 55, ஏஏ இருக்கிறது. கூடவே யூஇஎஃப்ஐக்கான தனி நிரல் ஒன்றும் இருக்கிறது. அது டிரைவர் வருவதற்கு முன்னாலேயே திரையை வெறும் புள்ளிகளின் வரிசையாக நம்மிடம் கொடுத்துவிடுகிறது: இந்த முகவரியிலிருந்து தொடங்குகிறது, இத்தனை அகலம், இத்தனை உயரம், நிறம் இந்த வரிசையில். எழுத்துரு என்ற ஒன்றே அங்கே கிடையாது. என்ன வேண்டுமோ வரைந்துகொள்ளலாம். சேலைக் கடைகளில் டிசைன் காட்டும் திரைப் பெட்டி ஒன்றை எங்கள் கம்பெனி செய்தபோது, ஆன் செய்ததும் டிரைவர் ஏறுவதற்கு முன் வரும் முதல் வரியைத் தமிழில் வைக்க அனுமதி கேட்டேன். கிடைத்தது.

வடிவங்களை நானே வரைந்திருக்கலாம். ஆனால் கிராஃப் தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு பிள்ளையார்பாளையம் போனேன். மாஸ்டருக்குப் பார்வை குறைந்திருந்தது, கை குறையவில்லை. பழைய விஜிஏ கணக்கில் உயரம் 16 கட்டம், அகலம் எவ்வளவு வேண்டுமானாலும் என்று சொன்னேன். 'க' போட்டார், 'ட' போட்டார், நேர்கோடு என்பதால் அழகாக உட்கார்ந்தன. 'காஞ்சி' என்று எழுத வந்தபோது 'ஞ்' நின்றுவிட்டது. சுழியை வரைந்தால் புள்ளிக்கு இடமில்லை, புள்ளியை வைத்தால் அடிவளைவு ஒட்டிக்கொள்கிறது. இரண்டு தாள் வீணானபின் பென்சிலை வைத்துவிட்டார்.

"இந்த 16 எவன்மா குடுத்தது?"

"அந்தக் காலத்துல ஐபிஎம்காரங்க வெச்சது, மாஸ்டர்."

"அவங்க எழுத்துக்கு அவங்க வெச்சாங்க. நம்ம எழுத்துக்கு 24 குடு."

24 கொடுத்தேன். மாலைக்குள் உயிரும் மெய்யும் முடிந்தன. உயிர்மெய்யில் உகர, ஊகார வரிசைகளுக்கு இன்னும் இரண்டு முறை போக வேண்டியிருந்தது. 'ணூ'வும் 'ஞூ'வும் கடைசியாக வந்து சேர்ந்தன.